ஏட்டுச் சனியும் வானத்துச் சனியும்

2023ஆம் ஆண்டில் சனி இரண்டு முறை மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது. திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கிற வீடுகளில் ஜனவரி 17 அன்று. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிற வீடுகளில் டிசம்பர் 20 அன்று. நடுவில் பதினோரு மாதம்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அப்பா காலத்திலிருந்து வருவது பாம்புப் பஞ்சாங்கம், அது வாக்கியம். திருக்கணிதம், அண்ணி வந்த பிறகு வந்தது. அந்த ஆண்டு அம்மா ஜனவரியிலும் சனி சந்நிதியில் எள் தீபம் ஏற்றினார், டிசம்பரிலும் ஏற்றினார். ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். “எது சரின்னு பெரியவங்களுக்குள்ளயே ஒத்துக்கலை. நாம ரெண்டையும் பண்ணிட்டா போச்சு” என்றார். எண்ணெய் வாங்கின காசுக்கு மேல் அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பதில் உள்ளே தங்கிவிட்டது.

ஏனென்றால் சனி கண்ணுக்குத் தெரிகிற கோள். ஆண்டில் பல மாதங்கள், மினுக்காத மங்கிய மஞ்சள் வெளிச்சமாக, கண்ணாடி எதுவும் இல்லாமல் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். 2023 டிசம்பர் 20 மாலையிலும் மேற்கே தெரிந்தது. வாக்கியக் கணக்கில் கும்பத்தின் வாசற்படியில் அப்போதுதான் கால் வைத்த சனி, திருக்கணிதக் கணக்கில் வாசலைத் தாண்டி ஏழு பாகைக்கு மேல் உள்ளே போயிருந்தது. கையை நீட்டி வானத்தில் பிடித்தால் நான்கு விரல் அகலம். முழு நிலவைப் பதினான்கு முறை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். ராசியின் எல்லை வானத்தில் கோடு கிழித்து வைத்ததல்ல. மேஷத்தின் தொடக்கம் எது, அதாவது அயனாம்சம் எவ்வளவு என்பதில், கணிதர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டையெல்லாம் கழித்துக்கொடுத்தாலும் நான்கு விரல் இடைவெளி அடைபடாது. ஏட்டில் இருக்கும் சனி ஓர் இடத்தில், வானத்தில் இருக்கும் சனி வேறோர் இடத்தில்.

2025 மார்ச் 29 அன்று இது மறுபடியும் நடந்தது. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போகிறது என்று தொலைக்காட்சிகள் பலன் சொல்லத் தொடங்கியபோது, திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில் நிர்வாகம் விளக்கம் தர வேண்டியிருந்தது: இந்தக் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது, எங்களுக்குப் பெயர்ச்சி 2026இல்தான். நிர்வாகம் நேர்மையாகத்தான் சொன்னது. மரபு எதுவோ அதைச் சொன்னது.

மதமும் அறிவியலும் மோதுகிற இடம் என்றால் நாம் கலிலியோவை நினைக்கிறோம், டார்வினை நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த இடம் ஆணியில் தொங்குகிற பஞ்சாங்கம். அதன் ஒவ்வொரு பக்கமும் வழிபாட்டுக்காக எழுதப்பட்டது, ஒவ்வொரு பக்கமும் கணிதத்தால் எழுதப்பட்டது. திதி என்பதே சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக வெட்டியதுதான். அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கிற ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு வானியல் கணக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வாக்கியம் என்ற பெயரே அழகான ஒரு வேலைப்பாட்டிலிருந்து வந்தது. எண்ணை எழுத்தாக்கும் கடபயாதி முறையில் க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்று. அடுத்தடுத்த எழுத்துகள் இரண்டு, மூன்று என்று ஏறும். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒரு சின்ன சம்ஸ்கிருதச் சொற்றொடருக்குள் பூட்டிவைத்தார்கள். மொத்தம் 248 தொடர்கள். வரருசி பெயரால் வழங்குபவை. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக நெருங்கி வரும் நிலையிலிருந்து விலகிப் போய் மறுபடி நெருங்கி வர ஏறத்தாழ 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். பதின்மூன்று நிமிடம்தான் குறையும். 248 தொடர்களைப் பாடம் பண்ணியவர் ஏடு இல்லாமல், எழுதுகோல் இல்லாமல், சந்திரனின் ஓட்டத்தை நாவில் வைத்திருந்தார். குழந்தைகள் வாய்பாடு சொல்வதுபோல வானத்தைச் சொன்னார்கள்.

இது எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜான் வாரன் என்ற படை அதிகாரி, தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி 1825இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டவர். அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சோழிகளைக் கூட்டியும் நீக்கியும், 1825 மே 31இலிருந்து ஜூன் 1க்குப் போகும் இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதத்தில் ஒரு கோடு போடவில்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடம்தான் பிசகியது. நடுவில் இருபத்து மூன்று நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். நூறாண்டுக்கு மேல் கழித்து இதைப் படித்த கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபாவருக்கு, இந்தச் சோழிக் கணக்கில் பாபிலோனியர் காலம் வரை பின்னோக்கிப் போகும் ஒரு மரபின் கடைசித் தொடர்ச்சி தெரிந்தது. 248 நாள் சுற்று அந்த நாட்டுக் களிமண் பலகைகளிலும் உண்டு.

அந்தச் சோழிகளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் நினைவாற்றலைக் கும்பிடத் தோன்றுகிறது. கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது. ஐம்பத்திரண்டு நிமிடம் தள்ளிப்போன அந்த முடிவை, அந்த இரவில் அவர் வெளியே வந்து பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால், மறுநாள் வாக்கியத்தில் ஓர் எழுத்தையாவது திருத்த அவருக்கு உரிமை இருந்ததா? மனப்பாடம் அவருக்குக் கொடுத்த வலிமையே அவர் கையைக் கட்டியும் வைத்திருந்தது என்று எனக்குப் படுகிறது. வாய்பாட்டைச் சொல்லக் கற்றவருக்கு, அது எந்த வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பது சொல்லித்தரப்படவில்லை.

ஆனால் மரபு அவரிடம் “பார்க்காதே” என்று சொல்லவில்லை. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அதே மரபின் மிகப் பெரிய ஆட்கள் “பார்” என்று கட்டளையிட்டிருக்கிறார்கள்.

கேரளத்தில் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களின் சேர்க்கைகளையும் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ செய்தார். திருக் என்றால் பார்வை. நம் பஞ்சாங்க அட்டையில் இருக்கும் திருக்கணிதம் என்ற சொல்லைத் திரு சேர்த்த கணிதம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். கண்டு கணித்தது என்பதே அதன் பொருள். அவர் மகன் தாமோதரரிடம் படித்தவர், திரூருக்கு அருகே திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி. சோமயாகம் செய்தவர் என்பதால் சோமயாஜி. வேள்விக் குண்டத்தின் முன் உட்கார்ந்தவர். அவர் 1504ஐ ஒட்டி எழுதிய ‘ஜ்யோதிர்மீமாம்ஸா’ என்ற நூல் முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றுகிறது: சாத்திரம் ஒன்று சொல்லி, வானம் வேறொன்று காட்டினால் என்ன செய்வது? வானத்தோடு ஒத்துப்போகிற சித்தாந்தத்தைத் தேடு, கிரகண காலங்களில் சோதித்துப் பார், பொருந்தவில்லை என்றால் புதிதாக ஒன்றைச் செய் என்கிறார். சித்தாந்தங்களைப் பிரம்மா உபதேசித்தார் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற இடத்திலும் அவர் தயங்கவில்லை. தெய்வத்தின் அருள் அறிவின் தெளிவாக வருகிறது. எண்களை மனிதன்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நிலை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான ‘வாக்யகரணம்’ நூலுக்கு உரை எழுதிய சுந்தரராஜர் தமிழ்நாட்டுக்காரர், நீலகண்டரின் சமகாலத்தவர். தமக்கு எழுந்த கணித ஐயங்களை அவர் நீலகண்டருக்கு அனுப்பினார். நீலகண்டர் எழுதிய விடைகள் ‘சுந்தரராஜ ப்ரச்னோத்தரம்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன. வாக்கியத்தின் உரையாசிரியரே, வானத்தைப் பார் என்று சொன்ன மனிதரிடம் கேள்வி கேட்டுக் கற்றிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு நாம் அவர்கள் இருவரையும் இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு வீட்டில் இரண்டு பஞ்சாங்கமாக மாட்டி வைத்திருக்கிறோம்.

பிசகு எங்கே என்று இன்னும் பழைய காலத்துக்குப் போனால் பிரம்மகுப்தர் நிற்கிறார். சந்திரன் மறைப்பதால் சூரிய கிரகணம், பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணம் என்று 499இலேயே ஆரியபடர் எழுதிவிட்டார். 628இல் பிரம்மகுப்தர், ராகு விழுங்குவதாகச் சொல்லும் வேத, ஸ்மிருதி வாக்குகளுக்கு எதிராகப் பேசலாமா என்று ஆரியபடர் போன்றவர்களைக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, கிரகணம் கணிக்கும்போது நிழலை வைத்தேதான் கணித்தார். நானூறு ஆண்டு கழித்து இந்தியா பற்றி எழுதிய அல்பிரூனிக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய அறிஞர் தமக்கு உண்மை என்று தெரிந்ததை ஏன் மறைத்துப் பேசுகிறார் என்று வருந்திக் கேட்கிறார். அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை. இன்றும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் பல, கிரகண நேரத்தை மட்டும் திருக்கணித முறையில் கணித்துப் போடுகின்றன. கிரகணம் தெருவில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அங்கே பிசகினால் அன்றே தெரிந்துவிடும். சனி கும்பத்துக்குப் போனதா என்று யாரும் மாடிக்குப் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கிற இடத்தில் திருத்தம், பார்க்காத இடத்தில் பழைய கணக்கு. எனக்கு மனம் ஒப்பாதது இந்த ஓர் இடம்தான்.

இதைச் சரிசெய்யப் பாடுபட்ட ஒருவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் தலைமை உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து பார்த்துப் பதிவு செய்தார். 1872இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. இவ்வளவும் செய்தவர், வானாய்வகத்து எண்களை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்பதுதான் என்னைக் கவர்கிறது. பஞ்சாங்கக் கணிதர்களிடம் போனார். திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது, பாருங்கள் என்று நாட்டு மொழிகளில் சிறுநூல் எழுதினார்.  தர்ப்பணம் கொடுக்கிறவர் சரியான திதியில் கொடுக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. அறிவியல் அவருக்கு வழிபாட்டை விட்டுப் போகும் வழியாக இருக்கவில்லை, வழிபாட்டைச் சரியாகச் செய்யும் வழியாக இருந்தது. 1880இல் இறந்துபோனார்.

மேற்கிலும் கதை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. ஈஸ்டர் திருநாளைக் குறிக்க வேண்டிய வசந்தச் சமநாள் ஜூலியன் நாட்காட்டியில் பத்து நாள் நழுவிவிட்டது என்று கண்டபோது, பதின்மூன்றாம் கிரகோரி போப்பாண்டவர் 1582 அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆக்கினார். கணக்கை விளக்கி எழுதியவர் கிளேவியஸ் என்ற இயேசு சபைத் துறவி. திருநாளுக்காக வானத்தைப் பார்த்த அதே திருச்சபைதான் 1633இல் கலிலியோவைத் தண்டித்தது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்து, பொலோனியா நகரின் சான் பெத்ரோனியோ பேராலயக் கூரையில் ஒரு துளை போட்டு, தரையில் விழும் சூரிய ஒளியை அளக்க காசினி என்ற வானியலாளருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த அளவைகள் கெப்ளர் பக்கம் சாட்சி சொன்னதை யாரும் தடுக்கவில்லை. சனியின் வளையத்துக்குள் ஓர் இடைவெளி இருப்பதைப் பின்னாளில் கண்டவர் இந்தக் காசினிதான்.

நம் ஊரிலேயே இன்னொரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது, அது என் எண்ணத்தைக் கொஞ்சம் புரட்டிப் போட்டது. ரமலான் நெருங்கும்போது தமிழ் முஸ்லிம்களிடையே பிறை பற்றிய பேச்சு எழும். இருபத்தொன்பதாம் நாள் மாலை மேற்கே பிறை கண்ணில் பட்டால் மறுநாள் புது மாதம். படவில்லை என்றால் முப்பதை முழுமையாக்க வேண்டும். நம் பகுதியில் பார்த்தால்தான் செல்லும் என்பார் சிலர். உலகில் எங்கே தெரிந்தாலும் போதும் என்பார் சிலர். சந்திரனின் ஓட்டம் நொடிக்கணக்கில் தெரிந்த காலத்தில் கணக்கே போதும் என்பார் இன்னும் சிலர். பஞ்சாங்கத்தில் ஏட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது மரபு, கண்ணால் பார் என்பது அறிவியல். பிறையில் கண்ணால் பார் என்பது மரபு, கணக்கைக் கொண்டுவருவது அறிவியல். ஒரே ஊரில், ஒரே சந்திரனின் கீழ், இரண்டு தரப்பும் இடம் மாறி நிற்கின்றன. மதத்தின் இயல்பு இது, அறிவியலின் இயல்பு இது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிற பேச்சில் எனக்கு நம்பிக்கை போனது இதை யோசித்த பிறகுதான்.

2019 டிசம்பர் 26 அன்று காலை திண்டுக்கல்லில் இருந்தேன். கங்கண கிரகணம். ஒரு பள்ளி மைதானத்தில் அறிவியல் ஆர்வலர்கள் சூரியக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரகண நேரத்தில் சாப்பிடலாம் என்று காட்டுவதற்காக இட்லியும் கொண்டுவந்திருந்தார்கள். எதிர் வரிசை வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். உலக்கை நின்றால் கிரகணம் பிடித்திருக்கிறது, விழுந்தால் விட்டது என்பது கணக்கு. இளைஞர் ஒருவர் இங்கிருந்தே சத்தமாக ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பாட்டி உள்ளே போய்விட்டார். 9.30 வாக்கில் சூரியன் வளையமாகி, ஏறக்குறைய மூன்று நிமிடம் நின்றபோது மைதானமே கூவியது. அந்த மூன்று நிமிடத்தை ஒரு மனிதர் இருபதடி தூரத்தில் இருந்தும் பார்க்கவில்லை. நாங்கள் விரட்டிவிட்டோம். நான் சிரிக்கவில்லைதான், கண்ணாடியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கவும் இல்லை. மறுநாள் வீட்டில் உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்தேன். கிரகணம் இல்லாத நாளிலும் நின்றது. அடி தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். இதைப் பாட்டியின் திண்ணையிலேயே அவரோடு சேர்ந்து செய்து பார்த்திருந்தால் அறிவியலுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்று ஒரு செய்தி பல ஆண்டாகக் கைபேசிகளில் சுற்றுகிறது. அப்படி ஒன்று நடந்ததே இல்லை. சுற்றுப்பாதையில் ஓடுகிற செயற்கைக்கோள் நின்றால் கீழே விழும். மதமும் அறிவியலும் கைகோத்ததாகச் சொல்லும் இப்படிப்பட்ட கதைகள் கோயிலுக்கும் இழுக்கு, வானியலுக்கும் இழுக்கு. சனியின் பிடியிலிருந்து நளன் அங்கே விடுபட்டான் என்ற தலக்கதை பொய்ச் சாட்சி கேட்கவில்லை. ஆயிரமாண்டுக்கு மேல் பாடல் பெற்று நிற்கிற ஒரு தலத்துக்கு நாசாவின் முத்திரை எதற்கு?

கோயில்கள் வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கம் என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றாக இருந்து, பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் பிரிந்துபோனவை. மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் இதையெல்லாம் விரிவாக எழுதிக் கொடுத்தது. அதற்காகப் பொங்கலை மார்கழிக்கு நகர்த்தச் சொன்னால் நானே ஒப்ப மாட்டேன். அந்த நாளில் அறுவடையும் அம்மாவின் கோலமும் ஊரின் நினைவும் சேர்ந்திருக்கின்றன. விழா நாள் மரபின் உடைமை. கோள் நிற்கும் இடம் யாருடைய உடைமையும் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற துணிவு மட்டுமே தேவை.

ஆகவே பஞ்சாங்கம் கணிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி போடுகிற பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள்: இந்த நாள் இந்த மரபுப்படி, இன்று வானத்தில் இந்தக் கோள் இந்த இடத்தில், மாலையில் இந்தத் திசையில் தெரியும். திருநள்ளாறு போய் வருகிறவர்களுக்கும் ஒரு சொல். நளதீர்த்தத்தில் முழுகுங்கள், எள் தீபம் ஏற்றுங்கள். ஊர் திரும்பியபின், சனி தெரிகிற மாதத்தில் ஓர் இரவு வீட்டு மாடிக்கு ஏறி, நீங்கள் கும்பிட்ட அந்தக் கோளை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். என் அம்மாவைப் போன மாதம் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுவா?” என்று கேட்டுக் கும்பிட்டார்.